பழைய பொறியும் புதிய உறுப்பும்

வட அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுப்பகுதியில் அயோவா என்னும் மாநிலம் உள்ளது. அது வேளாண்மையிற் சிறந்த நிலம். கண்ணுக்கெட்டிய தொலைவு வரையில் மக்காச்சோள வயல்கள் பரந்து கிடக்கும். அம்மாநிலத்தைச் சேர்ந்த நியூட்டன் என்னும் சிறு நகரில், 1893ஆம் ஆண்டில், மேடாக் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் உழவர்க்கு வேண்டிய கருவிகளைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நிறுவினர். கதிரடிக்கும் பொறிகளுக்குரிய துணைக்கருவிகளே அங்கு முதலில் செய்யப்பட்டன. அறுவடைக் காலத்தில் அவை நன்கு விற்றன. ஏனைய மாதங்களில் ஆலை வேலையின்றிக் கிடந்தது. அக்குறையை நீக்கும் பொருட்டு, ஆண்டு முழுவதும் விலைபோகும் பொருள் ஒன்றைத் தேடினர். 1907ஆம் ஆண்டில் துணி துவைக்கும் பொறி ஒன்றைச் செய்து விற்பனைக்கு அனுப்பினர்.

அஃது ஒரு மரத்தொட்டி. கையாற் சுழற்றுவதற்கு ஒரு பிடி அதில் அமைந்திருந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘பொழுதுபோக்கு’ என்னும் பொருள் தருவது. வீட்டார் அனைவரின் அழுக்குத் துணிகளையும் தொட்டியிலிட்டுப் பிடியை நெடுநேரம் சுழற்றிய பெண்கள் அப்பெயரை ஒப்புக்கொண்டிருப்பார்களா என்பது ஐயமே. 1911ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் பொறி வந்தது. ஆயினும் அக்காலத்துப் பண்ணை வீடுகளுக்கு அதனாற் பயனில்லை. ஏனெனில் 1930ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலும் அந்நாட்டுப் பண்ணைகளுள் பத்தில் ஒன்றே மின்சாரம் பெற்றிருந்தது. ஆதலின் பெட்ரோலால் ஓடும் சிறிய எஞ்சின் ஒன்றைப் பொறியின் அடியிற் பொருத்தி விற்றனர். காலால் உதைத்து அதனை ஓட்ட வேண்டும். புகையை வளையும் குழாய் ஒன்றினால் வீட்டிற்கு வெளியே போக்க வேண்டும்.

1922ஆம் ஆண்டில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அதற்குமுன் பல பொறிகளில் துணியைப் பிடித்து இழுக்கும் மரக்கலக்கி மூடியிலிருந்து தொங்கியது. நியூட்டன் தொழிற்சாலையார் கலக்கியைத் தொட்டியின் அடியில் வைத்தனர். இறகுகளையுடைய அக்கலக்கி இப்புறமும் அப்புறமும் திரும்பித் திரும்பி அசையும். துணியை இழுக்காமல் சோப்பு நீரைத் துணியினூடே செலுத்தும். இதனால் துணி கிழிவது குறைந்தது. அழுக்கும் எளிதில் நீங்கிற்று. வார்ப்பு அலுமினியத்தாலான தொட்டியும், தொட்டியின்மேல் நிற்கும் இரு ரப்பர்ப் பிழியுருளைகளும், இக்கலக்கியும் கூடிய பொறி உலகெங்கும் பரவியது. தானே துவைத்து, அலசி, பிழியும் பொறிகள் பெருகிய பின்னரும், உருளைப் பொறிகளை அத்தொழிற்சாலை 1983ஆம் ஆண்டுவரை செய்துவந்தது. 2006ஆம் ஆண்டில் நிறுவனம் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டில் நியூட்டன் ஆலை மூடப்பட்டது.

ஆலை மூடினும் பொறிகள் அழியவில்லை. களஞ்சியங்களிலும், நிலவறைகளிலும், தாழ்வாரங்களிலும் அவை இன்றும் கிடைக்கின்றன. அவற்றைத் தேடிப் பெற்று மீண்டும் ஓடச் செய்வோர் பலர் உளர். அங்ஙனம் ஒரு பழைய பொறியைச் செப்பனிட முனைவோரின் முன் முதல் நாளிலேயே ஒரு கேள்வி எழுகின்றது: தேய்ந்த உறுப்பை நீக்கிப் புதியதை இடுவதா? அன்றி உள்ளதைக் கொண்டே ஓட்டுவதா?

இக்கேள்வி புதியதன்று. பண்டைக் கிரேக்கரிடையே இதனையொத்த வாதம் ஒன்று வழங்கியது. தீசியஸ் என்னும் வீரனின் மரக்கலத்தை ஏதென்ஸ் நகரத்தார் நெடுங்காலம் காத்துவந்தனர். பலகை உளுத்தபோதெல்லாம் அதனை நீக்கி வலிய புதுப்பலகை பொருத்தினர். அக்கலம் பழைய கலமே என்று ஒரு சாராரும், அன்று என்று மற்றொரு சாராரும் வாதிட்டதாகப் புளூட்டார்க் எழுதிவைத்துள்ளார். தத்துவ அறிஞர்க்கு இவ்வாதம் முடிவின்றி நீளலாம், அதனால் தீங்கில்லை. பொறியைப் பிரித்து மேசைமேற் பரப்பி வைத்திருப்பவர்க்கோ ஒவ்வோர் உறுப்பிற்கும் ஒரு விடை வேண்டும்.

விடை காணுமுன் பொறி எதன்பொருட்டுச் செப்பனிடப்படுகின்றது என்பது தெளிய வேண்டும். இங்கிலாந்தில் கிரீனிச் வானாய்வுக்கூடத்தில் ஜான் ஹாரிசன் செய்த கடற்காலக் கருவிகள் உள்ளன. அவற்றைத் துருவும் அழுக்கும் படிந்த நிலையிற் கண்ட ரூபர்ட் கௌல்டு என்னும் கடற்படை அதிகாரி, 1920ஆம் ஆண்டிலிருந்து பல ஆண்டுகள் உழைத்துச் செப்பனிட்டார். ஹாரிசனின் முதற்கருவி, 1735ஆம் ஆண்டில் முடிந்தது, எண்ணெய் வேண்டாதது. உராய்வு மிகக் குறைவாக அமைந்தது. ஆதலின் அதனை ஓடவிட்டுக் காட்டுகின்றனர். 1759ஆம் ஆண்டில் அவர் முடித்த நான்காம் கருவியோ எண்ணெய் வேண்டுவது. ஓட ஓடத் தேயும். ஆதலின் அதனை ஓட்டாமல் நிறுத்தியே வைத்துள்ளனர். இரண்டும் ஒருவர் கையால் ஆனவை. ஒரே கூடத்தில் இருப்பவை. எனினும் அவற்றைக் காக்கும் முறை வேறாயிற்று. துவைக்கும் பொறி அத்துணை அரியதன்று; பல்லாயிரக்கணக்கிற் செய்யப்பட்டது. ஓடாத துவைபொறி வெறும் தொட்டியே. ஆகவே அதனை ஓட வைப்பது பிழையன்று. ஆனால் ஓட வேண்டிய பொறிக்கு எவை புதியனவாக வேண்டும் என்பதை உறுப்பின் இயல்பே கூறும்.

ரப்பரை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1839ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் கண்ட முறைப்படி கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் நெடுநாள் உழைக்கும். ஆயினும் என்றும் உழைப்பதன்று. காற்றிலுள்ள உயிர்வளியும் ஓசோனும் அதனைச் சிறிது சிறிதாகக் கெடுக்கின்றன. மேற்பரப்பு முதலில் மினுமினுக்கும், பின்னர்க் கல்போல் இறுகும், வெடிப்புகள் தோன்றும். எண்ணெய் பட்ட இடம் உப்பிக் கொழகொழத்துப் போகும். பிழியுருளைகளை ஒன்றோடொன்று அழுத்திய நிலையிலேயே விட்டு வைத்திருந்தால், ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். இறுகிய உருளை துணியைப் பற்றாது வழுக்கும். சட்டைப் பொத்தான்களை உடைக்கும். வடிகுழாயும், தண்டினைச் சுற்றி நீர் கசியாமற் காக்கும் ரப்பர் வளையமும் இத்தகையனவே. இவற்றை மாற்றுவதற்கு வருந்த வேண்டுவதில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளிலேயே இவை மாற்றப்படும் என்று எண்ணித்தான் அமைக்கப்பட்டன. ஆயினும் ஒன்று கூற வேண்டும்: உருளையின் நடுவே செல்லும் இரும்புத் தண்டு பெரும்பாலும் கெடாதது. அதனை எறியாமல், பழைய ரப்பரை மட்டும் சீவி நீக்கிப் புதிய ரப்பர் வார்த்துத் தரும் பட்டறைகள் உள்ளன. புது உருளை வாங்குவதினும் இதுவே மேல்.

மின்கம்பியைப் பற்றி இரண்டாம் எண்ணத்திற்கே இடமில்லை. பழைய கம்பியின்மேல் ரப்பர் உறையும், அதன்மேல் நூற்பின்னலும் இருக்கும். பார்வைக்கு அது மிக அழகியது. பழமையின் மணம் வீசுவது. ஆனால் உள்ளே ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். அலுமினியத் தொட்டி, சோப்பு நீர், ஈரத்தரை, ஈரக்கை ஆகியவை ஒருங்கு கூடிய இடத்தில் செம்புக்கம்பி வெளிப்பட்டு உலோகத்தைத் தொடுமாயின், தொட்டவர் உயிர் போகும். பழைய பொறிகள் பலவற்றில் நிலத்தோடு இணைக்கும் மூன்றாம் கம்பியும் இல்லை. புதிய மூவிழைக் கம்பியை இட்டு, மூன்றாவதைப் பொறியின் உடலோடு உறுதியாக இணைத்தல் வேண்டும். மோட்டாரின் சுருள்களில் மின்காப்பு நன்றாக உள்ளதா என்பதை அதற்குரிய அளவுகருவியால் அறிந்த பின்னரே மின்சாரம் செலுத்துவர். இவ்வேலை மின்தொழில் கற்றவர்க்கே உரியது. ஆர்வம் மட்டும் போதாது.

பிழியுருளைகளின் மேலுள்ள விடுவிப்புப் பிடியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. சுழலும் உருளைகளுக்கிடையே விரல் அகப்பட்டால், கை முழங்கை வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் இழுக்கப்படும். குழந்தைகளே பெரிதும் இவ்விபத்துக்கு ஆளாயினர். இக்காயத்திற்கு மருத்துவ நூல்களில் தனிப்பெயரே உண்டு. ஆதலின், தட்டியவுடன் அழுத்தத்தை நீக்கி உருளைகளைப் பிரிக்கும் ஏற்பாடு ஒன்றைப் பொறியில் அமைத்தனர். அதன் வில் தளர்ந்திருந்தாலும், கொக்கி தேய்ந்திருந்தாலும், அது பழைய உறுப்பே என்று போற்றி வைத்திருப்பது அறிவுடைமையன்று. பலமுறை தட்டிப் பார்த்து, ஒரு முறை தவறினும் மாற்றியே ஆக வேண்டும்.

இனி, எளிதில் முடிவு காண முடியாத உறுப்புகள் வருகின்றன. பொறியின் அடியிலுள்ள பெட்டியில் பல்சக்கரங்கள் எண்ணெயில் மூழ்கியிருக்கும். மோட்டார் ஒரே திசையிற் சுழல்வது. கலக்கியோ இருபுறமும் திரும்ப வேண்டுவது. அம்மாற்றத்தைச் செய்பவை இச்சக்கரங்களே. தண்டு சுழலும் இடங்களில் வெண்கலத்தாலான புஷ் என்னும் வளையங்கள் இருக்கும். தண்டு எஃகு, புஷ் அதனினும் மெல்லியது. ஏன் இவ்வாறு அமைத்தனர்? இரண்டும் உராயும்போது ஒன்று தேய்ந்தே தீரும். செய்வதற்கு அரிய தண்டு தேயாமல், எளிய புஷ் தேயட்டும் என்று கருதியே அவ்வாறு அமைத்தனர். எனவே தேய்ந்த புஷ்ஷைக் கண்டு, பொறி கெட்டுவிட்டது என்று எண்ணுதல் தவறு. அது தன் கடமையைச் செய்திருக்கின்றது.

ஆனால் எவ்வளவு தேய்ந்துள்ளது? ஆட்டிப் பார்த்துச் சொல்வது போதாது. அளந்தே அறிய வேண்டும். பழைய அளவுகளைக் கூறும் ஏடு கிடைக்காவிட்டால் என் செய்வது என்று மயங்க வேண்டுவதில்லை. தண்டிலேயே விடை உண்டு. புஷ்ஷினுள் அமராத பகுதி என்றும் தேய்வதில்லை. அப்பகுதியின் குறுக்களவை மைக்ரோமீட்டரால் அளந்தால், தண்டு பிறந்த நாளில் எவ்வளவு இருந்தது என்பது தெரியும். பின்னர்த் தேய்ந்த பகுதியை அளந்தால், இரண்டிற்குமுள்ள வேறுபாடே தேய்மானம். அவ்வாறே புஷ்ஷின் உட்புறத்தையும், தண்டு தொடாத ஓரத்தையும் நடுவையும் ஒப்பிட்டு அளக்கலாம். தண்டிற்கும் புஷ்ஷிற்கும் இடையே எண்ணெய்ப் படலம் நிற்பதற்குச் சிறிது இடைவெளி வேண்டும். அவ்விடைவெளி மிகுந்தால் எண்ணெய் நில்லாது. தண்டு அடித்துக்கொண்டு ஓடும். பல்சக்கரங்களும் நேராகப் பொருந்தாமல் ஓரங்களில் தேயத் தொடங்கும். இந்நிலையில் புஷ்ஷை மாற்றாமல் விடுவது, பழைய சக்கரங்களைக் காவு கொடுப்பதாகும். ஒரு சிறு உறுப்பைக் காக்கப் போய்ப் பேருறுப்புகளை இழப்பது காப்பாகாது.

பல்சக்கரங்களின் நிலை இதற்கு மாறானது. ஒன்றோடொன்று பற்றி ஓடும் இரு சக்கரங்கள் பல்லாண்டுகளாக ஒன்றற்கொன்று இசைந்து தேய்ந்திருக்கும். பற்கள் மெருகேறி, சற்று மெலிந்து, ஆயினும் முழுமையாக இருக்குமாயின், அவற்றைத் தொடாமல் விடுவதே நன்று. ஒன்றை மட்டும் நீக்கிப் புதியதை இட்டால், புதிய பல்லும் பழைய பல்லும் பொருந்தாமல் இரையும். இரண்டும் விரைவில் கெடும். பல் உடைந்திருந்தாலும், வேரில் வெடித்திருந்தாலும் இணையாகவே மாற்ற வேண்டும். செப்பனிடுவோர் சிலர் கை துறுதுறுவென்றிருக்கும். பெட்டியைத் திறந்ததும் எல்லாவற்றையும் மாற்றத் தோன்றும். தார்போல் இறுகிய பழைய எண்ணெயை வடித்துக் கழுவிப் புதிய எண்ணெய் ஊற்றினால், பாதி இரைச்சல் அடங்கிவிடுவதைக் காணும் பொறுமை அவர்க்கு இருப்பதில்லை.

கலக்கியைக் கழற்றுவது தனிக்கலை. அலுமினியக் கலக்கி எஃகுத் தண்டின்மேல் அமர்ந்திருக்கும். ஈரத்தில் இவ்விரு உலோகங்களும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு, வெண்பொடி படிந்து, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பல்லாண்டுகள் கழற்றாத கலக்கி அசையவே அசையாது. சம்மட்டியால் அடிப்பவரும் நெம்புகோலால் தூக்குபவரும் உண்டு. அவர்கள் கையில் எஞ்சுவது உடைந்த இறகே. வெப்பத்தால் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். ஆதலின் தொட்டியில் நன்கு சுட்ட நீரை நிரப்பிக் காத்திருந்து, பின்னர் மெல்ல அசைத்துத் தூக்கினால், கலக்கி இளகுவதற்கு வழியுண்டு. ஒரு நாளில் இளகாவிடில் மறுநாளும் அவ்வாறே செய்ய வேண்டும். தொட்டியைத் துலக்கும்போதும் அலுமினியத்தின் இயல்பை நினைவிற்கொள்ள வேண்டும். காரச்சோடாக் கரைசலை ஊற்றினால் அழுக்கோடு அலுமினியமும் கரையும், நீர்வளி நுரைத்தெழும், சில மணி நேரத்தில் தொட்டி குழிகுழியாகும். அறுபது ஆண்டுத் துவைப்பு செய்யாத கேட்டை ஓர் இரவுத் துலக்கல் செய்துவிடும்.

கலக்கியும் தொட்டியும் பெயர்ப்பலகையும் அப்பொறிக்கே உரியவை. தொட்டியில் சிறு பள்ளம் இருந்தாலும், விளிம்பில் கீறல் இருந்தாலும், அவை நீரை ஒழுகவிடாதவரை அவற்றை நிரப்பவோ தேய்க்கவோ வேண்டுவதில்லை. பிடியின் ஓரத்தில் பூச்சுத் தேய்ந்து உலோகம் தெரியலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு பெண்ணின் கை அவ்விடத்தைப் பற்றித் திருப்பியதன் அடையாளம் அது. மேலே புதுப்பூச்சு அடித்துவிட்டால் பொறி பளபளக்கும். அந்தக் கை மறைந்துவிடும். பின்னர் எவர் எத்துணை முயன்றாலும் அதனைத் திரும்பக் கொணர முடியாது. பண்ணைக் கொல்லன் எவனோ உடைந்த காலுக்கு ஓர் இரும்புத் துண்டை அடித்துப் பொருத்தியிருக்கலாம். ஆலையின் வேலையன்று என்று அதனைக் கழற்றி எறிவது பலர் வழக்கம். கால் உறுதியாக நிற்குமாயின் அதனை விட்டுவைப்பதே தக்கது. அதுவும் அப்பொறியின் வாழ்வில் ஒரு பகுதியன்றோ! இதற்கு உடன்படாதாரும் உளர். ஆலையை விட்டு வந்த நாளில் இருந்ததுபோல் பொறி இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பளபளக்கும் பொறியைக் கண்டு மகிழ்வோர் மிகப் பலராதலின், அக்கொள்கைக்கும் ஆதரவு குறைவன்று. பழைய பூச்சைச் சுரண்டத் துணிவோர் ஒன்றை மறத்தலாகாது. அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுப் பூச்சுகளில் ஈயம் சேர்ப்பது 1978ஆம் ஆண்டில்தான் தடுக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட பூச்சைக் காய்ந்த நிலையில் தேய்த்தால், எழும் தூளில் அந்நஞ்சு இருக்கக்கூடும்.

புதிய உறுப்பு எங்கிருந்து வரும்? ஆலை மூடியபின் இது பெருங்கேள்வியாயிற்று. சிலவற்றைக் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளலாம். புஷ் அத்தகையது. ஆனால் வார்ப்பு உறுப்புகளை அவ்வாறு செய்தல் அரிது. ஆகவே ஒரு பொறியைப் பிரித்து மற்றொன்றிற்கு உறுப்பெடுக்கும் வழக்கம் தோன்றியது. இரு பொறிகளுள் ஒன்று அரைகுறையாய்த் துருவேறிக் கிடக்குமாயின் அது தக்கதே. ஆனால் செப்பனிடத்தக்க ஒன்றை, மற்றொன்றின் அழகுக்காகக் குலைப்பது கொடுமை. எஞ்சின் வைத்த பழைய பொறிகள் பலவற்றில் இக்கொடுமை நிகழ்ந்தது. எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு தொட்டியை எறிந்தனர். திருகாணிகளிலும் கவனம் வேண்டும். அமெரிக்கப் பொறியின் மரைகள் அங்குலக் கணக்கின. மில்லிமீட்டர்க் கணக்கினவற்றை அவற்றில் வலிந்து முறுக்கினால், அலுமினிய மரை சிதைந்துவிடும்.

மாற்றிய உறுப்பைப் பழையது போலத் தோற்றுவிக்க முயல்வோர் உளர். துரு ஏற்றியும், கறை பூசியும் புதுமையை மறைப்பர். இது பின்வருவோரை ஏமாற்றுவதாகும். பழங்கட்டடங்களைச் செப்பனிடுவோர் 1964ஆம் ஆண்டில் வெனிஸ் நகரிற் கூடி வகுத்த நெறிகளுள், புதிதாய்ச் சேர்த்தது முழுமையோடு இயைந்திருக்க வேண்டும். ஆயினும் கூர்ந்து நோக்கின் புதியது என்று தெரியவும் வேண்டும் என்பதும் ஒன்று. பொறிக்கும் அது பொருந்தும். புது புஷ்ஷின் வெளியே தெரியாத பக்கத்தில் ஆண்டைச் சிறு எழுத்தாற் பொறித்துவைக்கலாம். கழற்றிய உறுப்பைத் துணியில் சுற்றி, எங்கிருந்து, எந்நாளில், எதன்பொருட்டு எடுத்தது என்னும் சீட்டைக் கட்டிப் பெட்டியில் வைக்கலாம். பிழியுருளையிலிருந்து சீவிய ரப்பரில் ஒரு துண்டேனும் வைப்பது நன்று. அதன் நிறமும் கடினமும் பின்னொரு காலத்தில் எவர்க்கேனும் பயன்படும்.

எல்லாம் பூட்டி முடிந்தபின் பொறியை உடனே துணியிட்டு ஓட்டலாகாது. முதலில் பிழியுருளைகளை விடுவித்து வைத்து, தொட்டியில் பாதியளவு நீர் மட்டும் ஊற்றிச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்துவர். மோட்டாரின் உறையையும், புஷ் உள்ள இடங்களையும் மின்தொடர்பைத் துண்டித்தபின் புறங்கையால் தொட்டுப் பார்ப்பர். வெதுவெதுப்பாக இருந்தால் மேலும் சிறிது நேரம் ஓட்டுவர். கை வைக்கவொண்ணாத சூடு கண்டால் மீண்டும் பிரிப்பர். தொட்டியின் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து, நீர்த்துளியோ எண்ணெய்த்துளியோ விழுகின்றதா என்று பார்ப்பதும் உண்டு. இவ்வாறு சில மணி நேரம் ஓடியபின், பெட்டியின் எண்ணெயை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வடித்து, வெயிலிற் பிடித்து நோக்குவர். மங்கலான சாம்பல் நிறம் மட்டும் காணப்பட்டால் அது புதிய உறுப்புகள் இசைவுபெறும் அடையாளம். புது எண்ணெய் ஊற்றி மூடிவிடலாம். பொன்போல் வெண்கலத் துகள் மின்னினால், புஷ்ஷின் அளவு பிழைத்தது. பெட்டி மறுபடியும் மேசைக்கு வர வேண்டும்.